கணினிக் கேள்வி–பதில்: லினக்ஸ் கேர்னலைப் புதுப்பித்தல்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை லினக்ஸ் பணிசெயல் முறைமையின் கேர்னலை, அதாவது வன்பொருளையும் மென்பொருள்களையும் இணைத்து இயக்கும் அதன் மையப் பகுதியைப் பற்றியவை. ஆகவே, ஏனைய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, அவற்றுக்கு மட்டும் இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: எமது பாடசாலைக் கணினிக் கூடத்தின் எல்லாக் கணினிகளிலும் லினக்ஸ் மின்ட் 21 உள்ளது. அவற்றின் கேர்னல் 5.15 என்றே காட்டுகிறது. ஆறில் தொடங்கும் கேர்னல்கள் எப்போதோ வந்துவிட்டன என்று உயர்தர மாணவர்கள் சொல்கிறார்கள். நாம் பின்தங்கிவிட்டோமா? உடனடியாக மாற்ற வேண்டுமா?
— ஆசிரியர், தலவாக்கலை

பதில்: நீங்கள் பின்தங்கவில்லை. மாணவர்கள் சொல்வது உண்மை. ஆனால், அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவு சரியன்று.

முதலில் அந்த இலக்கத்தை எப்படி வாசிப்பது என்று பார்ப்போம். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான டெர்மினலில் ‘யூநேம்’ என்ற கட்டளையை ‘-ஆர்’ என்ற தெரிவுடன் கொடுத்தால், 5.15.0 என்ற பகுதியும், அதற்குப் பின் ஒரு சிறு கோடும், அதையடுத்து இன்னோர் எண்ணும் தோன்றும். மின்ட் 21 தன் கேர்னலை, இன்னொரு லினக்ஸ் வழங்கலான உபுண்டுவின் 22.04 பதிப்பிலிருந்து பெறுகிறது. உபுண்டு குழுவினர் 2021 ஒக்டோபரில் வெளிவந்த 5.15ஐ எடுத்துக்கொண்டு, பிற்காலத்தில் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்புக் குறைகளுக்கான திருத்தங்களை அந்தப் பழைய பதிப்புக்கே பொருத்தித் தருகிறார்கள். அவ்வாறு திருத்தங்கள் சேரச்சேர முன்னால் உள்ள 5.15.0 மாறுவதில்லை, கோட்டுக்குப் பின்னால் உள்ள எண்ணே ஏறிக்கொண்டு போகும். ஆகவே, நீங்கள் பார்க்க வேண்டியது கடைசி எண் ஏறுகிறதா என்பதைத்தான். அது பல மாதங்களாக அசையாமல் நிற்குமானால் கவலைப்படக் காரணம் உண்டு.

முதல் இலக்கம் ஐந்திலிருந்து ஆறானது ஏதோ பெரிய புரட்சி என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. லினக்ஸ் கேர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அப்படி நினைப்பவரல்லர். 3.19க்குப் பின் 4.0, 4.20க்குப் பின் 5.0, 5.19க்குப் பின் 6.0 என்று, இரண்டாம் இலக்கம் இருபதை நெருங்கும்போது அவர் முதல் இலக்கத்தை ஏற்றிவிடுகிறார். கைவிரல்களும் கால்விரல்களும் எண்ணித் தீர்ந்துவிட்டன என்பதே 5.0க்கு அவர் வேடிக்கையாகச் சொன்ன காரணம். புதிய கேர்னல் ஏறத்தாழ ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை வெளிவருகிறது. அந்த வேகத்தோடு ஒரு பாடசாலைக் கூடம் ஓட வேண்டிய தேவை எதுவுமில்லை. மின்ட் 21க்கான ஆதரவு 2027 ஏப்ரல் வரை உண்டு, அதுவரை 5.15 வரிசையிலேயே இருந்து, அதற்கு வரும் திருத்தங்களை மட்டும் தவறாமல் ஏற்றுவதே என் ஆலோசனை.

புதிய வரிசைக்கு மாற நியாயமான காரணம் ஒன்றே: கணினி கேர்னலை விடப் புதியதாக இருப்பது. அண்மையில் வாங்கிய மடிக்கணினியில் வைஃபை தெரியவில்லை, திரையின் ஒளியளவு மாறவில்லை, மூடித் திறந்தால் விழிக்கவில்லை என்றால், 5.15 எழுதப்பட்ட காலத்தில் அந்த வன்பொருள் பிறந்திருக்காது. அத்தகைய கணினிக்கு மட்டும், மின்ட்டின் அப்டேட் மனேஜரில் ‘வியூ’ பட்டியைத் திறந்து, ‘லினக்ஸ் கேர்னல்ஸ்’ என்பதில் 6.8 வரிசையை நிறுவலாம். பழையதும் பக்கத்திலேயே இருக்கும். மாறாக, உங்கள் கூடத்தில் பழைய என்விடியா வரைகலை அட்டைகள் இருந்து, அவை அந்நிறுவனம் 2022 இறுதியில் கைவிட்ட 390 வரிசை டிரைவரில் (வன்பொருளை இயக்கும் மென்பொருளில்) ஓடுமானால், புதிய கேர்னலுக்குப் போவது வீண் தலைவலியாகும். இயங்கிக்கொண்டிருந்த திரையையும் இழக்க நேரிடலாம்.

கேள்வி: நான் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவில் படிக்கிறேன். என் மேசைக் கணினியில் வைஃபை இல்லாததால் ஒரு சிறிய யூஎஸ்பி டொங்கிள் வாங்கினோம். கடைக்கார அண்ணா இணையத்திலிருந்து எதையோ இறக்கி நிறுவித் தந்தார். நன்றாக வேலை செய்தது. போன வாரம் அப்டேட் செய்து மீண்டும் இயக்கியதிலிருந்து வைஃபை இல்லை. டொங்கிள் பழுதாகிவிட்டதா? புதிதாக வாங்க அம்மாவிடம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது.
— மாணவி, பண்டாரவளை

பதில்: வாங்க வேண்டாம். டொங்கிள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதை இன்றே நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

கணினியை மீண்டும் தொடக்கி, தயாரிப்பாளரின் சின்னம் தோன்றும்போது, பழைய கணினியாயின் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள். யூஈஎஃப்ஐ எனப்படும் புதிய தொடக்க முறை கொண்ட கணினியாயின் எஸ்கேப் விசையை ஒரு தடவை மட்டும் தட்டுங்கள். பல தடவை தட்டினால் வெறும் ‘கிரப்’ என்ற சொல்லோடு கறுப்புத் திரை வந்து நிற்கும். அப்படி நேர்ந்தால் கன்ட்ரோல், ஓல்ட், டிலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தி மீண்டும் தொடங்கலாம். பட்டியல் வந்ததும் ‘அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்’ என்ற வரியினுள் சென்றால், நிறுவப்பட்டுள்ள கேர்னல்கள் வரிசையாகத் தெரியும். மேலே இருப்பது புதியது. அதற்குக் கீழே உள்ள எண்ணைத் தெரிவு செய்து உள்ளே செல்லுங்கள். வைஃபை திரும்பி வந்தால், டொங்கிளில் குறை இல்லை என்பது உறுதி. அன்றைய பாடத்தையும் தடையின்றிப் பார்க்கலாம்.

இது ஏன் நடந்தது? லினக்ஸில் ஒவ்வொரு வன்பொருளையும் இயக்கும் டிரைவர், ‘மொடியூல்’ எனப்படும் ஒரு கோப்பாக இருக்கும். ஒவ்வொரு கேர்னலுக்கும் அதன் எண்ணையே பெயராகக் கொண்ட தனிக் கோப்புறை உண்டு. அக்கோப்புறையில் உள்ள மொடியூல்களை மட்டுமே அந்தக் கேர்னல் ஏற்கும். கேர்னலோடு சேர்ந்து வரும் டிரைவர்கள் புதிய கோப்புறையிலும் தாமாகவே இருக்கும். கடையில் உங்களுக்கு நிறுவித் தந்ததோ மூலநிரலிலிருந்து அந்த ஒரு கேர்னலுக்கென்று மட்டும் உருவாக்கப்பட்ட மொடியூல். புதிய கேர்னல் வந்தபோது அதன் கோப்புறையில் அப்படி ஒன்று இல்லை. கடைக்காரர் செய்தது தவறு என்று சொல்லமாட்டேன். அரை வேலையில் நிறுத்திவிட்டார் என்று சொல்லலாம்.

மிச்சப் பாதியைச் செய்வதற்கு ‘டிகேஎம்எஸ்’ என்ற ஏற்பாடு இருக்கிறது. டிரைவரின் மூலநிரலை அதனிடம் ஒப்படைத்துவிட்டால், ஒவ்வொரு முறை புதிய கேர்னல் வரும்போதும் அதுவே டிரைவரையும் புதிதாக உருவாக்கிக்கொள்ளும். அதற்கு, மொடியூல்களை உருவாக்கத் தேவையான கோப்புகள் அடங்கிய கேர்னலின் ‘ஹெடர்ஸ்’ பொதியும் நிறுவப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாமையால்தான் டிகேஎம்எஸ் பல வீடுகளில் ஒரு சொல்லும் பேசாமல் தோற்றுப்போகிறது.

ஆனால், அதைச் செய்யும் முன் இன்னொன்றைப் பாருங்கள். ‘எல்எஸ்யூஎஸ்பி’ என்ற கட்டளை, டொங்கிளின் உள்ளே இருக்கும் சிப் எதுவென்று பெரும்பாலும் காட்டிவிடும். நம் ஊர்க் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் டொங்கிள்களில் பல, ரியல்டெக் நிறுவனத்தின் சிப்களைக் கொண்டவை. அவற்றுள் 8821சியூ, 8822பியூ போன்றவற்றுக்கான டிரைவர் 6.2 முதல் கேர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. உங்களுடையது அவற்றில் ஒன்றாக இருந்தால், தலவாக்கலை ஆசிரியருக்கு நான் சொன்னதற்கு நேர்மாறாக, நீங்கள் 6.8 வரிசைக்கு மாறுவதே நல்லது. மாறும்போது கடையில் நிறுவிய டிரைவரை நீக்கிவிடுங்கள்; ஒரே டொங்கிளுக்கு இரண்டு டிரைவர்கள் போட்டியிட்டால் இரண்டும் சரிவர இயங்கா. சில டொங்கிள்கள் செருகியவுடன் தம்மை ஒரு குறுவட்டாகக் காட்டிக்கொள்ளும் வழக்கம் உடையவை. கோப்புப் பட்டியலில் அப்படி ஒன்று தோன்றினால் அதை ‘இஜெக்ட்’ செய்து பாருங்கள், பல வேளைகளில் அதுவே போதும்.

இவற்றையெல்லாம் இறக்குவதற்கு இணையம் வேண்டுமே என்று கேட்பீர்கள். அண்ட்ரொய்ட் தொலைபேசியைச் சார்ஜ் கேபிளால் கணினியோடு இணைத்து, தொலைபேசியில் ‘யூஎஸ்பி டெதரிங்’ என்பதை இயக்குங்கள். அதற்கான டிரைவர் கேர்னலிலேயே இருப்பதால் எதையும் நிறுவ வேண்டியதில்லை.

இன்னுமொரு சிறு குறிப்பு. கணினியில் ‘செக்யூர் பூட்’ என்ற தொடக்கப் பாதுகாப்பு வசதி இயங்கிக்கொண்டிருந்தால், வெளியிலிருந்து வரும் மொடியூல் கையொப்பமின்றி ஏற்கப்படாது. டிகேஎம்எஸ் நிறுவும்போது ஒரு கடவுச்சொல்லைக் கேட்டு, அடுத்த முறை தொடங்கும்போது நீலத் திரை ஒன்றில் அதே கடவுச்சொல்லை மீண்டும் கேட்கும். அந்தத் திரையைக் கண்டு பயந்து கடந்துவிட்டால் வைஃபை வராது.

கேள்வி: கேர்னல் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. இப்போது கணினியை இயக்கினால் ‘கேர்னல் பெனிக்’ என்றும், ரூட் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை என்றும் வரிகள் வந்து அப்படியே நின்றுவிடுகிறது. என் பிள்ளைகளின் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.
— வாசகர், பொகவந்தலாவை

பதில்: படங்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. யாராவது சொன்னார்கள் என்பதற்காக வன்தட்டை அழித்துப் புதிதாக நிறுவிவிடாதீர்கள்.

கேர்னல் எழுந்தவுடன் வன்தட்டை நேரடியாக எட்டிவிடுவதில்லை. வன்தட்டைத் திறப்பதற்கான டிரைவர்கள் அடங்கிய ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்ற சிறு கோப்பு முதலில் நினைவகத்தில் ஏற்றப்பட்டு, அதன் துணையோடுதான் அது உள்ளே போகிறது; சாவிக்கொத்தை வாசலிலேயே வாங்கிக்கொண்டு வீட்டைத் திறப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். கேர்னலை நிறுவும்போது கடைசிக் கட்டமாக உருவாக்கப்படும் அந்தக் கோப்பு, மின்சாரம் போன வேளையில் முழுமையாக எழுதப்படாமல் நின்றிருக்கும். வன்தட்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

மேலே மாணவிக்குச் சொன்ன முறையில் பழைய கேர்னலைத் தெரிவு செய்து உள்ளே செல்லுங்கள். பின்னர் டெர்மினலைத் திறந்து, நிர்வாகி உரிமையுடன், ‘டிபிகேஜி’ கட்டளையை ‘--கொன்ஃபிகர் -ஏ’ என்ற தெரிவுகளோடு கொடுங்கள். அரைகுறையாக நின்ற எல்லாப் பொதிகளையும் அது தொடர்ந்து நிறுவி முடிக்கும். அடுத்து ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்’ என்பதை ‘-யூ -கே ஓல்’ என்ற தெரிவுகளோடும், அதன் பின் ‘அப்டேட்-கிரப்’ என்பதையும் கொடுத்துவிட்டு மீண்டும் தொடங்கினால் புதிய கேர்னல் எழுந்துவிடும். படங்களின் பிரதி ஒன்றைப் பென்டிரைவில் எடுத்துக்கொள்வதைப் பழைய கேர்னலில் நுழைந்தவுடனேயே, கட்டளைகளுக்கு முன்பே செய்துவிடுங்கள்.

2022இல் அனுபவித்த மணிக்கணக்கான மின்வெட்டு இல்லாத காலத்திலும் நம் பகுதிக்கு இடிமின்னல் உண்டு. இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட மாதங்களில், அதாவது சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய வாரங்களிலும், மறுபடி ஒக்டோபர், நவம்பரிலும், பிற்பகலானால் வானம் இருண்டுவிடும். அக்காலத்தில் கேர்னல் வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் நல்லது, வேலையை இரண்டாகப் பிரிப்பது: ‘ஏப்ட்-கெட்’ கட்டளையில் ‘--டவுன்லோட்-ஒன்லி’ என்ற தெரிவைச் சேர்த்தால், பொதிகள் இறங்கி வன்தட்டில் காத்திருக்கும். நிறுவுவதற்குப் பின்னர் சில நிமிடங்களே தேவைப்படும். அந்த நிமிடங்களுக்குச் சிறிய யூபிஎஸ் ஒன்றே போதும். மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு அதுவும் தேவையில்லை.

கேள்வி: கேர்னலை மாற்றினால் நான் பாவிக்கும் ரெங்கநாதன் விசைப்பலகையும் பாமினி எழுத்துருவும் போய்விடுமா?
— ஓய்வுபெற்ற அதிபர், மாத்தளை

பதில்: போகாது. எந்த விசை அழுத்தப்பட்டது என்பதை அறிவிப்பதோடு கேர்னலின் வேலை முடிந்துவிடும்; அதைத் தமிழாக்குவது ‘ஐபஸ்’ போன்ற வேறு மென்பொருள். எழுத்துருக்கள் சாதாரணக் கோப்புகள். அச்சுப்பொறியும் அவ்வாறே பெரும்பாலும் தப்பிவிடும். மின்ட் 21இலிருந்து 22க்கு என்று முழு முறைமையையும் மாற்றும்போதுதான் இவற்றைச் சரிபார்க்க வேண்டும். பாமினியில் தட்டச்சு செய்த பழைய ஆவணங்களை ஒருங்குறிக்கு மாற்றிவைப்பது பற்றித் தனியே எழுதுகிறேன்; அது கேர்னலை விட அவசரமான விடயம்.

கேள்வி: எங்கள் கொமியூனிகேஷன் கடைக் கணினியில் அப்டேட் செய்யும்போது ‘பூட்’ பகுதியில் இடமில்லை என்று வருகிறது. வன்தட்டில் பாதிக்கு மேல் காலியாக இருக்கிறதே! அந்தக் கோப்புறைக்குள் போய்ப் பழைய கோப்புகளை அழித்துவிடலாமா?
— கடை உரிமையாளர், பதுளை

பதில்: கையால் அழிக்க வேண்டாம். உபுண்டுவை நிறுவும்போது வன்தட்டை மறையாக்கம் (கடவுச்சொல்லின்றி வாசிக்க முடியாதபடி) செய்யத் தெரிவு செய்திருந்தால், ‘பூட்’ என்பதற்கென்று ஒரு சிறு பிரிவு தனியாக ஒதுக்கப்பட்டிருக்கும். மீதி வன்தட்டில் எவ்வளவு இடம் இருந்தாலும் அதற்கு உதவாது. ஒவ்வொரு கேர்னலும் தன் இனிட்ராம்எஃப்எஸ் கோப்போடு அங்கே இடத்தைப் பிடித்துக்கொள்வதால், மூன்று நான்கு சேர்ந்ததும் நிரம்பிவிடுகிறது.

கோப்புகளை நேரடியாக அழித்தால், அந்தப் பொதிகள் இன்னும் இருப்பதாகவே முறைமை நம்பிக்கொண்டிருக்கும். அடுத்த அப்டேட்டில் அவற்றை மறுபடி உருவாக்க முயன்று மீண்டும் தடுமாறும். அவசரத்தில் இயங்கிக்கொண்டிருக்கும் கேர்னலையே அழித்துவிட்டு, மறுநாள் கடையைத் திறக்கும்போது கணினி எழாமல் நிற்பதும் உண்டு. ‘ஏப்ட்’ கட்டளையில் ‘ஓட்டோரிமூவ் --பேர்ஜ்’ என்று கொடுங்கள். தற்போது ஓடும் கேர்னலையும் மிகப் புதியதையும் விட்டுவைத்து, தேவையற்ற பழையவற்றை அது நீக்கும். இடம் முற்றாக நிரம்பியதால் ஏப்ட்டே நகர மறுக்குமானால், ‘யூநேம்’ காட்டும் எண் எதுவென்று குறித்துக்கொண்டு, அதை விடப் பழைய கேர்னல் ஒன்றின் பொதியை மட்டும் ‘டிபிகேஜி --பேர்ஜ்’ மூலம் நீக்கிவிட்டு மறுபடி முயலுங்கள். மின்ட் பாவிப்பவர்களுக்கு அப்டேட் மனேஜரின் தெரிவுகளிலேயே பழைய கேர்னல்களைத் தானாக நீக்கும் வசதி இருக்கிறது. இடம் மிச்சமாகும் என்று ஒரேயொரு கேர்னலை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். மேலே இரண்டு வாசகர்களும் தப்பியது இரண்டாவது கேர்னலால்தான்.

கேள்வி: எமது கல்வி நிலையத்தில் கோப்புகளைப் பகிரும் உபுண்டு கணினி இரவும் பகலும் ஓடுகிறது. அப்டேட்டுகள் தாமாகவே நிறுவப்படுகின்றன. மீண்டும் தொடக்குமாறு அது கேட்பதைப் பல மாதங்களாகப் பொருட்படுத்தவில்லை. பாதகம் உண்டா?
— நிர்வாகி, ஹட்டன்

பதில்: உண்டு. புதிய கேர்னல் வன்தட்டில் இருக்கிறது. நினைவகத்தில் ஓடுவது பழையதுதான். மற்ற மென்பொருள்களை மூடித் திறந்தால் புதியது வந்துவிடும்; கேர்னலுக்கு மட்டும் கணினியையே மீண்டும் தொடக்க வேண்டும். 2022 மார்ச்சில் ‘டேர்ட்டி பைப்’ என்ற குறை வெளியானது. 5.8 முதலான கேர்னல்களில் இருந்த அது, சாதாரணப் பாவனையாளர் ஒருவர் தாம் வாசிக்க மட்டுமே உரிமையுள்ள கோப்பில் எழுதி, படிப்படியாக நிர்வாகி உரிமையையும் பெற வழிவிட்டது. திருத்தம் விரைவாகவே வந்தது. ஆனால், அன்று திருத்தத்தை நிறுவிவிட்டு மீண்டும் தொடக்காதிருந்த கணினி, திருத்தமே நிறுவாத கணினியின் நிலையில்தான் இருந்தது. பல மாணவர்கள் ஒரே கணினிக்குள் நுழையும் உங்களைப் போன்ற இடத்துக்கு அது சிறு விடயமன்று.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புகள் முடிந்த மாலையை அதற்கென்று ஒதுக்கலாம். அதுவும் இயலாதென்றால், ‘உபுண்டு புரோ’ திட்டத்தில் உள்ள ‘லைவ்பேட்ச்’ முக்கியமான திருத்தங்களை ஓடும் கேர்னலிலேயே பொருத்தும். தனிநபர் பாவனைக்கு ஐந்து கணினிகள் வரை அது இலவசம். நிறுவனமாயின் நிபந்தனைகளை வாசித்துக்கொள்ளுங்கள். அதுவும் மீள்தொடக்கத்தைத் தள்ளிப்போடுமே தவிர இல்லாமற் செய்யாது.

கேள்வி: தோட்டச் சனசமூக நிலையத்தில் மாலை வகுப்புக்காக ஆறு பழைய கணினிகள் வைத்திருக்கிறோம். இணையம் என் தொலைபேசி டேட்டாதான். ஒவ்வொரு கணினியிலும் கேர்னலை இறக்கினால் மாத டேட்டா ஒரே நாளில் முடிந்துவிடுகிறது.
— தொண்டர் ஆசிரியர், மஸ்கெலியா

பதில்: ஒருமுறை இறக்கி ஆறு கணினிக்கும் பாவிக்கலாம். கேர்னலும் அதன் மொடியூல்களும் ஹெடர்ஸும் சேர்ந்து 100 மெகாபைட்டைத் தாண்டும். வன்பொருளுக்குள் ஏற்றப்படும் மென்பொருளான ஃபேர்ம்வெயரின் பொதி வரும் மாதத்தில் இன்னும் அதிகம். அதை ஆறால் பெருக்குவது தேவையற்ற செலவு.

கணினிகளுக்கிடையே வலையமைப்புக் கேபிளோ ரவுட்டரோ இருந்தால், ஒன்றில் ‘ஏப்ட்-கேச்சர்-என்ஜி’ என்ற பொதியை நிறுவி, மற்ற ஐந்தையும் அதன் 3142 என்ற போர்ட் வழியாகப் பொதிகளைக் கேட்குமாறு அமையுங்கள். முதற்கணினி கேட்கும்போது இறங்கிய பொதி அங்கேயே சேமிக்கப்பட்டு, ஏனையவற்றுக்கு உள்ளுக்குள்ளேயே கிடைக்கும். வலையமைப்பு இல்லையெனில் பென்டிரைவ் போதும். ஆனால், முதற்கணினியில் ‘ஏப்ட்’ என்பதற்குப் பதிலாக ‘ஏப்ட்-கெட்’ என்ற கட்டளையால் நிறுவுங்கள்; முன்னையது நிறுவி முடிந்ததும் இறக்கிய பொதிகளை அழித்துவிடும், பின்னையது ‘ஏப்ட்’ சேமிப்புக் கோப்புறையின் ‘ஆர்க்கைவ்ஸ்’ பகுதியில் விட்டுவைக்கும். அவற்றை மற்றக் கணினிகளின் அதே கோப்புறைக்குப் பிரதி செய்துவிட்டு அப்டேட்டை இயக்கினால், பட்டியலைப் புதுப்பிக்கும் அளவுக்கு மட்டும் டேட்டா செலவாகும். ஆறிலும் ஒரே வழங்கலின் ஒரே பதிப்பு இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பழைய கணினிகள் என்று எழுதியிருப்பதால், அவற்றில் 32 பிட் புரொசெசர் ஏதேனும் இருக்கிறதா என்பதை ‘எல்எஸ்சிபியூ’ கட்டளையால் முதலில் பாருங்கள். உபுண்டுவும் மின்ட்டும் அத்தகையவற்றை விட்டுவிட்டன. இன்னொரு லினக்ஸ் வழங்கலான டெபியனின், 2025 ஓகஸ்ட்டில் வந்த 13ஆம் பதிப்பும் 32 பிட் கணினிகளுக்குக் கேர்னல் தருவதில்லை. அப்படி ஒன்று இருந்தால் அதில் டெபியன் 12ஐ நிறுவி, மற்றவற்றின் பொதிகளோடு கலந்துவிடாமல் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.